ஏப்ரல் 23: ஒரே திகதி, ஒரே நாளா?



வீட்டுச் சுவரில் தொங்கும் தினக் கலண்டரில் ஒவ்வொரு தாளையும் கிழிக்கும்போது அன்றைய புனிதரின் பெயர் நம் கண்ணில் படுகிறது. பத்திரிகைகளிலும் வானொலியிலும் ‘வரலாற்றில் இன்று’ என்றொரு பகுதி வருவதுண்டு. இன்னார் பிறந்தார், இன்னார் மறைந்தார், இன்ன நூல் வெளிவந்தது என்று ஒரே திகதியில் நிகழ்ந்தவற்றை அதில் வரிசையாகச் சொல்வார்கள். பிள்ளைகள் அதை மனனம் செய்து பொது அறிவுப் போட்டிகளில் ஒப்புவிப்பார்கள். நல்ல பழக்கந்தான். ஆயினும் அத்தகைய ஒரு திகதியை எடுத்து, அது எங்கிருந்து வந்தது, யார் எழுதி வைத்தார்கள் என்று விசாரித்துப் பார்த்தால், மனனம் செய்வதனால் கிடைப்பதைவிட அதிகம் கற்கலாம்.

அப்படிப் பார்ப்பதற்கு ஏப்ரல் 23-ஆம் திகதியைவிடச் சிறந்த திகதி இல்லை எனலாம். ஆங்கில இலக்கியத்தின் பெருங்கவி ஷேக்ஸ்பியரும், ‘டொன் கிஹோத்தே’ என்னும் உலகப் புகழ் பெற்ற கதையை எழுதிய ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தெசும் 1616-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் திகதி, ஒரே நாளில் இறந்தார்கள் என்று பாடசாலைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உலகப் புத்தக தினம் அன்று கொண்டாடப்படுவதற்கும் இதுவே காரணமாகக் கூறப்படுகிறது. இது எவ்வளவு தூரம் உண்மை என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

இரண்டு கலண்டர்கள்

1616-ஆம் ஆண்டில் ஸ்பானியாவும் இங்கிலாந்தும் ஒரே கலண்டரைக் கைக்கொள்ளவில்லை. இதை விளங்கிக்கொள்வது நமக்குக் கடினமல்ல. யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டு உண்டு. சில ஆண்டுகளில் ஒரு பண்டிகையை அடுத்தடுத்த வீட்டார் வெவ்வேறு நாட்களில் கொண்டாடுவதை நாம் கண்டிருக்கிறோம். சூரியன் இருவருக்கும் ஒன்றுதான். கணக்குத்தான் வேறு.

பழைய உரோமைக் கலண்டரை யூலியஸ் சீசர் கி.மு. 45-இல் திருத்தி அமைத்தார். ஓராண்டுக்கு 365 நாளும் 6 மணித்தியாலமும் என்பது அவருடைய கணக்கு. அதனால் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டப்பட்டது. ஆனால் உண்மையான ஆண்டு இக்கணக்கைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவானது. பதினொரு நிமிடம் என்ன பெரிய விடயமா என்று கேட்கலாம். ஏறத்தாழ 128 ஆண்டுகள் சென்றால் அந்த நிமிடங்கள் சேர்ந்து ஒரு முழு நாளாகிவிடும்.

இதனால் பாஸ்குத் திருநாளைக் குறிப்பதில் சிக்கல் எழுந்தது. பகலும் இரவும் சமமாக வரும் மார்ச் 21-ஆம் திகதியை வைத்தே உயிர்த்த ஞாயிறு கணக்கிடப்படுகிறது. நீசேயாச் சங்கம் கூடிய 325-ஆம் ஆண்டு அளவில் பொருந்தியிருந்த இக்கணக்கு, பதினாறாம் நூற்றாண்டில் பத்து நாள் பிந்திப் போயிற்று. வானத்தில் சமநாள் வருவது கலண்டரின்படி மார்ச் 11 ஆயிருந்தது.

பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் இதைத் திருத்தத் துணிந்தார். திட்டத்தை வகுத்தவர் இத்தாலியின் கலாபிரியாப் பகுதியைச் சேர்ந்த அலோய்சியஸ் லிலியுஸ் என்ற வைத்தியர். அதை ஆராய்ந்து, விளக்கி, எதிர்த்தவர்களுக்கு விடையளித்தவர் யேசு சபைக் குருவும் கணித மேதையுமான கிறிஸ்தோபர் கிளாவியுஸ். 1582-ஆம் ஆண்டு ஒக்டோபர் 4-ஆம் திகதி வியாழக்கிழமைக்கு மறுநாள், ஒக்டோபர் 15-ஆம் திகதி வெள்ளிக்கிழமை என்று அறிவிக்கப்பட்டது. பத்துத் திகதிகள் கலண்டரிலிருந்து நீக்கப்பட்டன. மேலும், நூறால் வகுபடும் ஆண்டுகளில் நானூறால் வகுபடுபவை மட்டுமே நெட்டாண்டுகள் என்ற விதியும் சேர்க்கப்பட்டது. ஆகவேதான் 1900 நெட்டாண்டு அன்று. 2000 நெட்டாண்டு ஆயிற்று.

அவிலா நகரத்துப் புனித தெரேசம்மாள் இறந்தது அந்த ஒக்டோபர் 4-ஆம் திகதி இரவிலேயே. மறுநாள் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த மறுநாளின் பெயர் ஒக்டோபர் 15! அவருடைய திருநாளை நாம் இன்றும் ஒக்டோபர் 15-இல் கொண்டாடுகிறோம்.

ஸ்பானியா, போர்த்துக்கல், போலந்து, இத்தாலிய நாடுகள் இத்திருத்தத்தை உடனே ஏற்றன. இங்கிலாந்து ஏற்கவில்லை. எலிசபெத் அரசியின் காலத்திலேயே ஜோன் டீ என்ற கணித அறிஞர் திருத்தம் வேண்டும் என்று எழுதினார். அங்கிருந்த ஆயர்கள் இணங்கவில்லை. உரோமையிலிருந்து வந்த திருத்தம் என்பது அவர்களுக்குத் தடையாயிற்று. 1752-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து வழிக்கு வந்தது. அப்போது வித்தியாசம் பதினொரு நாளாகியிருந்தபடியால், செப்டெம்பர் 2-ஆம் திகதிக்கு மறுநாளை 14-ஆம் திகதி என்று வைத்தார்கள். கணக்கு சரியா பிழையா என்று பாராமல், சொன்னவர் யார் என்று பார்த்ததன் விலை 170 ஆண்டுக் குழப்பம். சண்டை வந்தால் எதிராளி சொல்லும் நல்ல வார்த்தையும் காதில் ஏறாது என்பதற்கு, எச்சபையினராயினும், நாம் எல்லோரும் இதை நினைவில் வைக்கலாம்.

இனி நமது கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தின் ஏப்ரல் 23, 1616 என்பது ஸ்பானியாவில் மே 3. ஷேக்ஸ்பியர் இறந்தது செவ்வாய்க்கிழமை. ஸ்பானியாவின் ஏப்ரல் 23-ஆம் திகதியோ ஒரு சனிக்கிழமை. திகதி ஒன்று, நாட்கள் இரண்டு. இருவரும் ஒரே நாளில் இறக்கவில்லை என்பது இதனால் தெளிவு.

பதிவேடுகள் சொல்வது என்ன?

செர்வாந்தெஸ் இறந்தது ஏப்ரல் 23-ஆம் திகதியும் அன்று. அவர் மத்ரித் நகரில் ஏப்ரல் 22-ஆம் திகதி வெள்ளிக்கிழமை இறந்து, மறுநாள் அடக்கம் செய்யப்பட்டார் என்பதே ஆய்வாளர் முடிவு. புனித செபஸ்தியார் பங்கின் பதிவேட்டில் அடக்கத்தின் திகதியே எழுதப்பட்டது. அதுவே பின்னர் மரணத் திகதியாக உலகெங்கும் பரவிற்று. ஆகவே மெய்யான நாட்களை எண்ணினால், செர்வாந்தெஸ் கண்மூடிய பின் ஷேக்ஸ்பியர் இன்னும் பதினொரு நாள் உயிரோடிருந்தார்.

இந்த அடக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. செர்வாந்தெஸ் 1571-இல் லெப்பாந்தோ கடற்போரில் காயமுற்று இடக்கையின் பயனை இழந்தவர். 1575-இல் தாயகம் திரும்பும் வழியில் கடற்கொள்ளையர் கையில் அகப்பட்டு, அல்ஜியர்ஸ் நகரில் ஐந்து ஆண்டுகள் அடிமையாகக் கிடந்தார். தப்ப முயன்ற போதெல்லாம் பிடிபட்டார். 1580-இல் திரித்துவ சபைத் துறவிகள் மீட்புப் பணம் சேர்த்துக் கொடுத்து அவரை விடுவித்தார்கள். சிறைப்பட்டவர்களை மீட்பதே அச்சபையின் பணி. முப்பத்தாறு ஆண்டுகளின் பின், அதே திரித்துவ சபையைச் சேர்ந்த கன்னியரின் மடத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். புனித பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் அவர் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தது இறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே. அவருடைய கல்லறை எதுவென்று பல காலம் தெரியாதிருந்தது. 2015-ஆம் ஆண்டில் அம்மடத்தின் நிலவறையில் அவருடைய எச்சங்களும் அடங்கிய எலும்புகளைக் கண்டெடுத்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

ஷேக்ஸ்பியர் பிறந்ததும் ஏப்ரல் 23, இறந்ததும் ஏப்ரல் 23 என்று பலர் சொல்வதுண்டு. பிறந்த திகதியை எவரும் எழுதி வைக்கவில்லை. ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊரின் பரிசுத்த திரித்துவ ஆலயப் பதிவேட்டில் உள்ளது அவருடைய ஞானஸ்நானத் திகதியே: 1564 ஏப்ரல் 26. அக்காலத்தில் குழந்தை பிறந்து ஓரிரு நாட்களில் ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கமாதலால், மூன்று நாள் முன்னே சென்று 23 என்று பிற்காலத்தார் குறித்தார்கள். அவருடைய நினைவுச் சின்னத்தில், 1616 ஏப்ரல் 23-இல், தமது 53-ஆம் வயதில் இறந்தார் என்று பொறித்திருக்கிறது. 53-ஆம் வயது நடந்துகொண்டிருந்தது என்றால், அன்றோ அதற்குச் சற்று முன்னரோ 52 நிறைந்திருக்க வேண்டும். ஆகவே 23 என்பது பொருத்தமான ஊகம், ஆனாலும் ஊகந்தான்.

பதிவேடுகள் எப்படி வந்தன என்பதையும் அறிதல் நன்று. இங்கிலாந்தில் 1538-இல் அரசாங்கக் கட்டளையால் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதும் வழக்கம் தொடங்கிற்று. கத்தோலிக்க நாடுகளிலும் சில பங்குகள் இதை முன்னரே செய்துவந்தன. 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம், ஞானப் பெற்றோரின் பெயர்களையும் திருமணங்களையும் பங்குக் குரவர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று எல்லோருக்கும் கட்டளையிட்டது. கையுறை செய்யும் ஒருவரின் மகனான ஷேக்ஸ்பியரின் வாழ்வில் நாம் உறுதியாக அறிந்த முதற் செய்தியைத் தந்தது, ஊர்ப் பங்குப் பதிவேட்டின் ஒற்றை வரி. எழுதியவருக்கு அந்தக் குழந்தை யாராவான் என்று தெரியாது. மற்றக் குழந்தைகளின் பெயரை எழுதியதுபோலவே அதையும் எழுதினார்.

மூன்றாவதாக ஒருவரையும் இத்திகதியோடு சேர்ப்பர். பெரு நாட்டின் குஸ்கோ நகரில், ஸ்பானியப் படைத்தலைவர் ஒருவருக்கும் இன்கா அரச குலப் பெண்ணுக்கும் 1539-இல் பிறந்தவர் கார்சிலாசோ. தாயின் இனத்தாருடைய வரலாற்றைத் தந்தையின் மொழியில் எழுதி, 1609-இல் வெளியிட்டார். அவர் ஸ்பானியாவின் கோர்தொபா நகரில் 1616 ஏப்ரலில் இறந்தார். 23 என்பது பெருவழக்கு. ஒரு நாள் முன் பின்னாகச் சொல்வோரும் உண்டு.

பிறந்த நாள் நகர்ந்த கதை

ருஷிய நாடு 1918 வரை பழைய கலண்டரையே வைத்திருந்தது. அந்நாட்டு எழுத்தாளர் விளாதிமிர் நபோக்கோவ் 1899-இல் பிறந்தபோது, அவருடைய வீட்டுக் கலண்டரில் திகதி ஏப்ரல் 10. அப்போது வித்தியாசம் 12 நாள். ஆகவே மேற்கு நாடுகளில் அது ஏப்ரல் 22. ஆனால் 1900-ஆம் ஆண்டு ருஷியக் கலண்டரில் நெட்டாண்டு. புதிய கலண்டரில் நெட்டாண்டு அன்று. வித்தியாசம் 13 ஆயிற்று. குழந்தைக்கு ஒரு வயது நிறைந்த ஏப்ரல் 10-ஆம் திகதி மேற்கில் ஏப்ரல் 23 ஆகிவிட்டது! பின்னாளில் அவர் 23-ஆம் திகதியையே தமது பிறந்த நாளாக வைத்துக்கொண்டார். ஷேக்ஸ்பியரின் நாள் என்பதில் அவருக்கு மகிழ்ச்சியும் இருந்தது.

இசைமேதை புரொக்கோஃபியேவின் கதை இன்னும் வியப்பானது. தாம் 1891 ஏப்ரல் 23-இல் பிறந்ததாகவே அவர் வாழ்நாள் முழுதும் நம்பினார். அவர் இறந்த பின் கிடைத்த பிறப்புச் சான்று, பிறந்தது ஏப்ரல் 27 என்று காட்டிற்று. பிறந்த நாள் என்பது நாமாக அறிந்தது அன்று. பிறர் சொல்லிக் கேட்டது. அவருக்குச் சொன்னவர்கள் நான்கு நாள் பிசகிவிட்டார்கள் போலும்.

இத்திகதிக்குரிய வேறு பெயர்களும் உண்டு. ஆங்கிலக் கவி வேர்ட்ஸ்வேர்த் 1850-இல் இதே திகதியில் இறந்தார். பௌதிக அறிஞர் மக்ஸ் பிளாங்க் 1858-இல் பிறந்தார். தமிழ்ப் பாடல்களால் நமக்கெல்லாம் அறிமுகமான பாடகி எஸ். ஜானகி 1938-இல் பிறந்தார். வங்கத் திரைப்பட மேதை சத்யஜித் ராய் 1992-இல் மறைந்தார்.

இத்தனை பேர் ஒரு திகதியில் கூடியதால் அத்திகதிக்கு ஏதோ தனிச் சக்தி உண்டென்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வகுப்பில் 23 பிள்ளைகள் இருந்தால், அவர்களில் இருவருக்காவது பிறந்த நாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்புப் பாதிக்கு மேல் என்று கணிதம் காட்டுகிறது. உங்கள் பங்கின் மறைக்கல்வி வகுப்புகளில் சோதித்துப் பாருங்கள். எந்தத் திகதியை எடுத்தாலும் கவிஞரும் அறிஞரும் பாடகரும் அதில் அகப்படுவார்கள். நாளும் கோளும் பார்த்துப் பிள்ளையின் விதியைக் கணிக்க முயல்வோர் இதைச் சிந்திப்பது நல்லது.

திருச்சபை எண்ணும் நாள்

இவர்கள் எல்லோருக்கும் முன்னரே ஏப்ரல் 23-ஆம் திகதிக்கு உரியவர் புனித ஜோர்ஜியார். 303-ஆம் ஆண்டளவில், இன்றைய இஸ்ராயேலில் உள்ள லித்தா நகரில் வேதசாட்சியாக இறந்தவர் என்பது மரபு. பறவைநாகத்தைக் கொன்ற கதை பல நூற்றாண்டுகளின் பின் சேர்ந்தது. பழைய கலண்டரைப் பின்பற்றும் கீழைத்தேயத் திருச்சபைகளில் அவருடைய திருநாள் ஏப்ரல் 23-ஆம் திகதிதான். ஆனால் நமது கலண்டரில் அது மே 6 ஆகிறது. 997-இல் கொல்லப்பட்ட பிராக் நகர ஆயர் புனித அடால்பெர்ட்டுக்கும் ஏப்ரல் 23 திருநாளாகும்.

புனிதர்களின் திருநாள் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளே. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஸ்மீர்னா நகரத்துக் கிறிஸ்தவர்கள், தங்கள் ஆயர் புனித பொலிக்கார்ப்பு கொல்லப்பட்ட நாளை அவருடைய பிறந்த நாள் என்று குறிப்பிட்டுக் கொண்டாட எண்ணினார்கள். விண்ணகத்தில் பிறந்த நாள் என்பது பொருள். மண்ணகப் பிறப்பைத் திருச்சபை கொண்டாடுவது ஆண்டவர், தேவமாதா, ஸ்நாபக அருளப்பர் ஆகிய மூவருக்கே.

புத்தகமும் ரோஜாவும்

கத்தலோனியா நாட்டின் பாதுகாவலரும் புனித ஜோர்ஜியாரே. பார்சலோனா நகரில் அவருடைய திருநாளன்று ரோஜாப் பூக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வலென்சியாவில் பிறந்து பார்சலோனாவில் தொழில் செய்த விசென்தே கிளாவெல் என்ற பதிப்பாளர், செர்வாந்தெசின் நினைவாகப் புத்தகத்துக்கு ஒரு நாள் வேண்டும் என்றார். 1926-இல் ஸ்பானிய அரசர் அதை ஏற்று, செர்வாந்தெஸ் பிறந்ததாகக் கருதப்பட்ட ஒக்டோபர் 7-ஆம் திகதியைக் குறித்தார். 1930-இல் அது ஏப்ரல் 23-க்கு மாற்றப்பட்டது. அன்று முதல் கத்தலோனியாவில் தெருவெங்கும் ரோஜாவும் புத்தகமும் சேர்ந்தே விற்பனையாகின்றன.

1995-இல் யுனெஸ்கோ இத்திகதியை உலகப் புத்தக தினமாக அறிவித்தது. மேலே சொன்ன மூவரும் மறைந்த திகதி என்பதையே காரணமாகக் கூறிற்று. கணக்குப்படி அது முற்றும் சரியன்று என்பதை நாம் கண்டோம். ஆனாலும் உலகெங்கும் பிள்ளைகள் அன்று ஒரு புத்தகத்தைக் கையிலெடுப்பார்களாயின், அந்தப் பிழையோடு நாம் சண்டையிட வேண்டியதில்லை. உண்மையை அறிந்துகொண்டே கொண்டாடலாம்.

நமது வீட்டுத் திகதிகள்

இவ்வளவும் தூர தேசத்துப் பெரியவர்களின் கதை என்று விட்டுவிட முடியாது. பங்குமனையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: பிறப்புச் சான்றில் ஒரு திகதி, ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறொரு திகதி என்று கொண்டு வருவோர் எத்தனை பேர்! தகப்பன் பதியச் சென்ற நாளே பிறந்த நாளாகிவிட்டதும் உண்டு. திருமணத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் ஆயத்தம் செய்யும் வேளையிலேயே அந்தப் பிசகு தெரியவரும்.

இதைவிடப் பாரமான ஒன்றும் உண்டு. இடம்பெயர்வுகளில் நமது குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு பத்திரங்களையும் இழந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வயோதிபத் தாய் தம் மகனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வந்தார். “எந்தத் திகதி, அம்மா?” என்று கேட்டேன். “செத்த திகதி தெரியாது, சுவாமி. அவனைக் கடைசியாய்க் கண்ட நாளைத்தான் நான் வைச்சிருக்கிறன்” என்றார். நான் அந்தத் திகதியைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அவர் வைத்திருந்த நாளைவிடச் சரியான நாள் ஒன்றை அவருக்குக் கொடுக்க எவராலும் இயலாது. அந்நாளில் ஒப்புக்கொடுத்த பூசையை ஆண்டவர் திகதி பார்த்தா ஏற்றுக்கொள்வார்?

தெரியாத திகதிக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்தவற்றை இழந்துவிடாமல் காப்பது நமது கையில் உளது. ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பியதும், ஒரு தடித்த கொப்பியை எடுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் பிறந்த திகதி, ஞானஸ்நானம் பெற்ற திகதி, கோவில், ஞானப் பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். இறந்தவர்களுக்கு, மரித்த நாளையும் அடக்கம் செய்த நாளையும் வெவ்வேறாக எழுதுங்கள். நிச்சயமாகத் தெரிந்ததையும், பெரியவர்கள் சொல்லக் கேட்டதையும் பிரித்துக் குறியுங்கள். அம்மம்மாவும் அப்பப்பாவும் உயிரோடிருக்கும்போதே அவர்களைக் கேளுங்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை வேறொரு வீட்டில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். வரலாறு எழுதப்படும் விதத்தை அவர்கள் அன்று தங்கள் கையாலேயே கற்றுக்கொள்வார்கள்.